இருட்டைத் தேடிப் போன நாலு பேர்

அன்றைக்கு ராத்திரி நான் எடுத்த முதல் படத்தில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை. ஒரு புதர் இருந்தது. இலை இலையாக, ஓர் இலைமேல் உட்கார்ந்திருந்த வெட்டுக்கிளி உட்பட, பட்டப்பகலில் எடுத்ததுபோலப் பளிச்சென்று இருந்தது. கேமரா ஆட்டோவில் கிடந்ததை நான் கவனிக்கவில்லை. அமாவாசை இருட்டைப் பார்த்ததும் அது தன் கடமையைச் செய்தது. மண்டையிலிருந்து ஃபிளாஷ் டப்பென்று எழும்பி, மலையே ஒரு கணம் வெள்ளையாகி அடங்கியது. பின்னாலிருந்து மூன்று பேர் ஒரே குரலில் கத்தினார்கள். அவர்கள் அரை மணி நேரமாக வாயை மூடிக்கொண்டு கண்ணை இருட்டுக்குப் பழக்கிக்கொண்டிருந்தவர்கள்.

சென்னையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் இருட்டைத் தேடி வந்து, முதல் வேலையாக நான் விளக்கைப் போட்டேன். அந்த ராத்திரி முழுக்க இதே கதைதான். இருட்டுக்குள் எங்கள் கையாலேயே வெளிச்சத்தைக் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தோம்.

கூட வந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். நிஜப் பெயரைப் போட்டால் உதை விழும், அதனால் பட்டப்பெயர்தான். கார் மச்சானுடையது. அவனுக்கு வானத்திலும் ஆர்வம் இல்லை, கேமராவிலும் ஆர்வம் இல்லை. ஆம்பூர் வழியாகப் போகிறோம் என்றதும் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். வாத்தியார் நிஜமாகவே வாத்தியார். பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுக்கிறார், எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர். சின்னவள் அவருடைய தங்கை, விஸ்காம் இரண்டாம் வருஷம். எங்கள் நாலு பேரில் கேமராவைப் பற்றி உண்மையிலேயே தெரிந்தவள் அவள்தான் என்பது எனக்கு ராத்திரி பதினொன்றரைக்குத்தான் புரிந்தது. அதுவரை நான் அவளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்த யோசனை பிறந்தது எங்கள் மொட்டை மாடியில். ஒருநாள் கரண்ட் போனபோது வாத்தியாரும் நானும் மேலே போய் நின்றோம். "எத்தன நட்சத்திரம் தெரியுது, எண்ணுப்பா" என்றார். எண்ணினேன். இருபதைத் தாண்டவில்லை. எங்கள் தெருவுக்குத்தான் கரண்ட் இல்லை, ஊருக்கு இருந்தது. இரவு வானம் எவ்வளவு இருட்டு என்று அளக்க ஜான் பார்ட்டில் என்ற அமெரிக்கர் 2001-இல் ஓர் அளவுகோல் வகுத்தாராம். ஒன்றிலிருந்து ஒன்பது வரை. ஒன்று என்றால் பால்வீதியின் வெளிச்சத்திலேயே தரையில் நிழல் விழுகிற அளவு சுத்தமான வானம். ஒன்பது என்றால் பெருநகரத்து நடுமையம். "நம்ம மாடி எட்டா, ஒன்பதா சார்?" என்றேன். "எட்டுன்னு சொன்னா மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்" என்றார்.

எங்கே போவது என்பதில் குழப்பமே இல்லை. இருட்டை எங்கே தேடுவது என்று நமக்கு முன்பே ஒருவர் தேடிக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். வைணு பாப்பு. 1949-இல், மாணவராக இருந்தபோதே, ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து அதற்குத் தன் பெயரும் சேர்ந்து விழ வைத்தவர். 1960-களில் தொலைநோக்கி வைக்க இடம் தேடி ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு, பெரிய ஊர் எதுவும் பக்கத்தில் இல்லை. இன்னொரு காரணமும் உண்டு: நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் இருந்தால் தென்திசை வானமும் நன்றாகக் கிடைக்கும். 1977-இல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அந்த நட்சத்திரத்தின் ஒளி மறைவுக்கு முன்னாலும் பின்னாலும் விட்டு விட்டு மங்கியது இங்கேயும் பதிவானது. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது அப்படித்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியதைப் பார்க்க பாப்பு இல்லை; 1982-லேயே போய்விட்டார். 1986-இல் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார், பாப்புவின் பெயரைச் சூட்டினார்கள்.

நாங்கள் ஆய்வகத்துக்குள் போகவில்லை. அங்கே வேலை நடக்கிற நேரத்தில் நம்மைப்போன்ற வேடிக்கைக்காரர்களுக்கு என்ன வேலை? வாத்தியாரிடம் படித்த பையன் ஒருவன் குடும்பத்துக்கு ஜமுனாமரத்தூர் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது. தெற்கே பார்த்த சரிவு, ஓரத்தில் ஒரு பலாமரம், எதிரே மலை முகடு. அவர்களிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டோம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த மலையில் பெரும்பகுதி காப்புக்காடு. ராத்திரியில் கண்ட இடத்தில் காரை நிறுத்திவிட்டு ட்ரைபாடை விரிப்பது சரியில்லை.

சித்திரை அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை. ஆம்பூரில் மச்சானின் கடமை முடிந்தது. சாப்பிட்டது போக ராத்திரிக்கும் நாலு பார்சல், கத்திரிக்காய் தனியாக. வாணியம்பாடியில் பெங்களூர் ரோட்டை விட்டு இறங்கி, ஆலங்காயம் தாண்டி மலை ஏறியபோது வானம் முழுக்க மேகம். கோடை மழை ஒரு பாட்டம் அடித்துவிட்டுப் போனது. மண் வாசனையும் பிரியாணி வாசனையும் கலந்து காருக்குள் நின்றது. "வந்த வேலை முடிஞ்சிது, திரும்பிரலாமா?" என்றான் மச்சான். ஒன்பது மணி வரை நான் வானத்தைப் பார்க்காமல் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். ஒன்பதரைக்கு மேற்கேயிருந்து மேகம் பாய் சுருட்டுவதுபோல விலக ஆரம்பித்தது.

இனி வெளிச்சக் கணக்கு. ஃபிளாஷைச் சொல்லிவிட்டேன். அடுத்தது மச்சான் போர்வை எடுக்கப்போய் ரிமோட்டை அழுத்தினான். கீக் கீக் என்று நாலு இண்டிகேட்டரும் கண்ணடித்தன. கதவைத் திறந்ததும் உள் விளக்கு எரிந்தது. அதை அணைக்கத் தெரியாமல் அவன் தடவ, ஹெட்லைட் எரிந்தது. கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், கெடுக்க ஒரு நொடி போதும். வாத்தியார் பொறுமையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "சரி, மறுபடியும் மொதல்லேர்ந்து" என்றார். அதற்கடுத்த தடவை கெடுத்தவர் அவரே. நட்சத்திர மேப் பார்க்க போனில் ஸ்டெல்லேரியத்தைத் திறந்தார், திரை முழு வெளிச்சத்தில் இருந்தது. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. மரியாதை.

சின்னவள் பையிலிருந்து ஒரு டார்ச்சை எடுத்தாள். முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை நாலு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். மங்கிய இருட்டில் பார்க்க உதவும் கண்ணின் செல்களுக்குச் சிவப்பு சரியாக உறைக்காது, அதனால் சிவப்பு விளக்கில் வேலை பார்த்தால் கண்ணின் பழக்கம் கெடாது. ஸ்டேஷனரிக் கடையில் பத்து ரூபாயாம். நான் இந்தப் பயணத்துக்காக வாங்கியது ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குத் தலையில் மாட்டுகிற விளக்கு. அதை அன்றைக்கு ஒரு தடவைகூடப் போட விடவில்லை.

இப்போது என் மேதைமையைப் பற்றி. என்னுடையது பழைய கேனான், வாங்கும்போதே கூட வருகிற 18–55 லென்ஸ். படித்து வைத்திருந்ததெல்லாம் இதுதான்: அபர்ச்சரை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திற, என் லென்ஸில் எஃப் 3.5. ஐஎஸ்ஓ 3200. ஷட்டரை நீளமாகத் திறந்து வை. நீளமாக என்றால் எவ்வளவு? கேமராவில் அதிகபட்சம் 30 நொடி இருந்தது, வைத்தேன். கிடைப்பதை ஏன் விடுவது? படம் வந்தது. நட்சத்திரமெல்லாம் புள்ளியாக இல்லாமல் சின்னச் சின்ன நீள மணிகளாக இருந்தன. மச்சான் எட்டிப் பார்த்தான். "என்னடா இது, சீரகச் சம்பாவ வானத்துல எறைச்ச மாதிரி இருக்கு" என்றான். அன்றைக்கு முழுக்க அவன் சொன்னதில் மிகத் துல்லியமான அவதானம் அது.

வாத்தியாருக்கு வகுப்பு மணி அடித்ததுபோல ஆகிவிட்டது. "நீ ட்ரைபாட ஆடாம வெச்சிருக்க. ஆனா ட்ரைபாட் நிக்கிற தரை சுத்துதே. மணிக்கு 15 டிகிரி." அதற்கொரு கைக்கணக்கு இருக்கிறது. 500-ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால் எத்தனை நொடி வரை நட்சத்திரம் இழுபடாது என்று சுமாராக வரும். ஆனால் அது பெரிய சென்சார் கேமராவுக்கு. என் கேமராவின் சென்சார் சின்னது, 18-ஐ 1.6-ஆல் பெருக்க வேண்டும். கிட்டத்தட்ட 29. ஐந்நூறை அதால் வகுத்தால் 17. நான் 15 வைத்துக்கொண்டேன். துருவ நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருப்பவை மெதுவாக நகர்வதால் அங்கே இன்னும் தாராளமாக விடலாம், தெற்கே தலைக்கு மேலே ஓடுகிறவற்றுக்குக் கணக்காக இருக்க வேண்டும்.

துருவ நட்சத்திரம் என்றதும் ஞாபகம் வருகிறது. இணையத்தில் பார்க்கிற வட்ட வட்டமான நட்சத்திரத் தடங்கள், நடுவே துருவம், கீழே ஒரு கூடாரம். அதில் ஒன்று எடுக்க வேண்டும் என்பது என் ரகசிய ஆசை. வடக்கே திரும்பி அண்ணாந்து தேடினேன், அகப்படவில்லை. "அண்ணாக்காதப்பா, குனி" என்றார் வாத்தியார். நாம் எந்த அட்சரேகையில் இருக்கிறோமோ அத்தனை டிகிரி உயரத்தில்தான் துருவ நட்சத்திரம் இருக்கும். அங்கே பன்னிரண்டரை டிகிரி. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் ஒரு முஷ்டி பத்து டிகிரி. அதாவது அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே. அந்த இடத்தில் எங்களுக்கு ஒரு குன்று இருந்தது. அந்தப் படமெல்லாம் ஐரோப்பாக்காரனுக்கு எழுதி வைத்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆனால் அவனுக்குக் கிடைக்காதது நமக்குக் கிடைக்கிறது. பத்தரை மணிக்குத் தெற்கே, முகட்டுக்குச் சற்று மேலே, தெற்குச் சிலுவை நேராக நிமிர்ந்து நின்றது. அதன் இடப்பக்கம் வழிகாட்டிகள்போல இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள். அதில் ஒன்று ஆல்ஃபா சென்டாரி, சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கிற நட்சத்திரக் குடும்பம், 4.4 ஒளியாண்டு. லண்டனில் பிறந்து வளர்ந்து அங்கேயே இருக்கிறவன் இதைத் தன் ஊர் வானத்தில் பார்க்கவே முடியாது. நான் அந்தத் திசையில் ஒரு படம் எடுத்தேன். படத்தின் நடுவில் ஒரு மங்கலான பொட்டு. லென்ஸில் தூசி என்று துணியால் துடைத்தேன். அடுத்த படத்திலும் இருந்தது. மறுபடி துடைத்தேன். மூன்றாவது தடவை சின்னவள் கையைப் பிடித்துவிட்டாள். "அண்ணா, அது ஒமேகா சென்டாரி." சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் பந்தாகத் திரண்ட கூட்டம். அதைத்தான் நான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்கு வந்துவிட்டோம். நட்சத்திரத்தில் ஆட்டோஃபோகஸ் நிற்காது, கையால்தான் பிடிக்க வேண்டும். திரையில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது எப்போது மிகச் சின்னப் புள்ளியாகிறதோ அங்கே வளையத்தை நிறுத்த வேண்டும். சித்திரை நட்சத்திரத்தை வைத்து நன்றாகத்தான் பிடித்தேன். எதையும் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்று லென்ஸை 55-இல் வைத்துப் பிடித்து, பிறகு 18-க்குத் திருப்பிக்கொண்டேன். அப்புறம் 38 படங்கள். ஒவ்வொன்றையும் பின்திரையில் பார்த்து, ஆஹா என்று சொல்லிக்கொண்டேன். அந்தச் சின்னத் திரையில் எல்லாமே அழகு. சின்னவள் ஒரு படத்தைப் பெரிதாக்கினாள். நட்சத்திரமெல்லாம் போண்டா. "ஃபோகஸ் பண்ணதுக்கப்புறம் ஜூம் திருப்புனீங்களாண்ணா?" இந்த மாதிரி லென்ஸில் ஜூம் மாறினால் ஃபோகஸும் நகர்ந்துவிடும். அவளுக்கு இது தெரியும். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க சொல்லிக் குடுத்துட்டு இருந்தீங்களேண்ணா, குறுக்க பேசக் கூடாதுன்னு" என்றாள். அவள் முகம் தெரியவில்லை, இருட்டு. சிரித்திருப்பாள்.

அதற்குப் பிறகு கேமரா அவள் கையில். 18-இல் வைத்தே ஃபோகஸ் பிடித்தாள். வாத்தியார் காரின் முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு பேண்ட்-எய்டை எடுத்து வளையம் நகராமல் ஒட்டினார். லென்ஸில் இருந்த ஆட்ட நிவாரண சுவிட்சை அணைத்தாள். ட்ரைபாடில் நிற்கிற கேமராவில் அது இல்லாத ஆட்டத்தைத் தேடித் தானே ஆட்டிவிடுமாம். விரல் பட்ட அதிர்வு படத்தில் விழாமல் இருக்க இரண்டு நொடி டைமர். படத்தை ரா ஃபைலாக மாற்றினாள். பின்திரையின் வெளிச்சத்தைக் குறைத்தாள். நான் செய்ததெல்லாம் டார்ச் பிடித்தது.

ஒரு மணி வாக்கில் மச்சான் போர்வைக்குள்ளிருந்து, "போச்சு, தெக்கால மறுபடியும் மேகம்" என்றான். பாயில் மல்லாந்திருந்த வாத்தியார் எழுந்து உட்கார்ந்தார். "மேகம் இல்லடா. அதுதான்."

நான் எதிர்பார்த்தது போஸ்டரில் பார்த்த ஊதாவும் ஆரஞ்சும். இருந்தது சாம்பல். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் படிந்த புகைபோல, நடுவே கறுப்புத் திட்டுகளோடு, தென்கிழக்கில் சாய்ந்து கிடந்தது. இருட்டில் வேலை செய்கிற கண்ணின் செல்களுக்கு நிறம் தெரியாது என்பதால் பால்வீதி நமக்கு எப்போதும் சாம்பல்தான். கேமரா 15 நொடி சேர்த்துவைத்த ஒளியில் நிறம் வருகிறது. அந்தக் கறுப்புத் திட்டுகள் வெற்றிடமும் இல்லை, பின்னால் இருக்கிற நட்சத்திரங்களை மறைக்கிற தூசி மேகங்கள். ஏமாற்றமாக இருந்ததா என்று கேட்டால், முதல் ஒரு நிமிஷம் இருந்தது. அப்புறம் அந்தச் சாம்பல் எவ்வளவு பெரிது என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது, எந்த லென்ஸிலும் அது வராது.

வாத்தியார் கையை நீட்டிக் காட்டினார். "அதோ தேள் தெரியுதா? நெஞ்சுல செவப்பா இருக்கறது கேட்டை. அப்படியே வளைஞ்சு வால் நுனிக்கு வா. அது மூலம். அதுக்கு இடப்பக்கம் ஒரு முஷ்டிகூட இல்ல, அங்கதான் நம்ம பால்வீதியோட நடு மையம். 26,000 ஒளியாண்டு."

யாரும் பேசவில்லை. சின்னவளுக்கு மூல நட்சத்திரம். வீட்டில் இப்போதே யாராவது ஜாதகத்தைக் கையில் எடுத்தால் ஒரு பெருமூச்சு வரும். மூலத்தில் பிறந்த பெண் என்றால் நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும், நான் எழுதப் போவதில்லை. அவள் கொஞ்ச நேரம் அந்த வால் நுனியையே பார்த்தாள்.

"அந்த ரெண்டு சின்னப் புள்ளியாண்ணே?"

"அதுல பெருசு."

"இதுக்கா இவ்ளோ பேச்சு?" என்றாள். அப்புறம் லென்ஸை 55-க்குத் திருப்பி, பேண்ட்-எய்டைப் பிரித்து, மறுபடி ஃபோகஸ் பிடித்து, வாலை மட்டும் தனியாக ஐந்தாறு படம் எடுத்துக்கொண்டாள். அந்த நீளத்தில் ஐந்து நொடிக்கு மேல் வைத்தால் இழுபடும், படத்தில் இரைச்சல் அதிகம். அவள் போன் திரையில் இன்றைக்கும் அதுதான் இருக்கிறது.

இரண்டு மணிக்குப் படங்கள் திடீரென்று மங்கலாக வர ஆரம்பித்தன. நான் ஏதோ செய்துவிட்டேன் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மழை பெய்த ஈரத்தில், லென்ஸ் குளிர்ந்து அதன்மேல் பனி கோத்திருந்தது. துடைத்தால் ஒரு நிமிஷத்தில் திரும்பி வரும். சுற்றியிருக்கிற காற்றைவிட லென்ஸைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக வைத்தால் போதும். அதற்கென்றே பட்டி விற்கிறார்கள், எங்களிடம் ஏது? ஃபிளாஸ்கில் மிச்சமிருந்த வெந்நீரைச் சின்ன பாட்டிலில் ஊற்றி, மச்சானின் சாக்ஸுக்குள் போட்டு, லென்ஸோடு சேர்த்துக் கட்டினோம். சாக்ஸைக் கழற்றிக் கொடுத்தபோது, "கடைசியில வானத்துக்கு நானும் ஒரு உதவி" என்றான். சாக்ஸின் நாற்றம் படத்தில் வராது என்பது பெரிய நிம்மதி.

அந்த மச்சான் செய்த இன்னொரு காரியத்தையும் எழுதித்தான் ஆக வேண்டும். சாக்ஸ் கட்டுகிற கலாட்டாவில் நாங்கள் இருந்தபோது அவன் தன் போனைக் காலி பிரியாணி டப்பாவில் சாய்த்து வைத்து, வானத்தைப் படமெடுக்கிற மோடில் போட்டு, நாலு நிமிஷம் கழித்து எடுத்தான். தெளிவான பால்வீதி, கீழே பலாமரம், நிறத்தோடு. போன் தானே பல படம் எடுத்துத் தானே அடுக்கிக்கொள்கிறது. ஒரு மணி நேரத்துக்கு அவனோடு நான் பேசவில்லை.

மூன்றரைக்குப் பால்வீதி நிமிர்ந்து மையப்பகுதி தெற்கே கிட்டத்தட்ட உச்சத்துக்கு வந்தது. நாலரை தாண்டினால் விடியலின் வெளிச்சம் கலந்துவிடும். சின்னவள் திட்டம் இது: அசையாமல் ஒரே இடத்தைப் பார்த்து வரிசையாக 16 படம். அதைப் பிறகு கம்ப்யூட்டரில் நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி அடுக்கினால் இரைச்சல் நாலில் ஒரு பங்காகிவிடும். பதினாறின் வர்க்கமூலம் நாலு, அதுதான் கணக்கு. எல்லாருடைய போனும் அணைக்கப்பட்டது. கார் சாவி வாத்தியார் பாக்கெட்டுக்குப் போனது. பத்துப் படம் வரை மூச்சுவிடாமல் இருந்தோம்.

பதினோராவது படம் ஓடிக்கொண்டிருந்தபோது பலாமரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. சரியாக எங்கள் படத்தின் குறுக்கே.

"யாருப்பா அது?"

தோளில் கம்பளி, கையில் தடி. பக்கத்து நிலத்துப் பெரியவர், காவலுக்கு வந்தவர். அவசரமாக எழுந்து நின்றோம். வாத்தியார்தான் பேசினார், பையன் வீட்டுப் பெயரைச் சொன்னதும் அவர் குரல் தணிந்தது.

"காவலூர் ஆபீஸ் ஆளுங்களா?"

"இல்லிங்கய்யா. சும்மா போட்டோ எடுக்க வந்தோம்."

"இந்நேரத்துலயா? எதை?"

"வானத்தைங்கய்யா."

அவர் அண்ணாந்து பார்த்தார். ஏதாவது ஆகிவிட்டதா என்று பார்க்கிற மாதிரி இருந்தது. ஒன்றும் ஆகவில்லை என்று உறுதியானதும் எங்கள் பக்கம் திரும்பினார். "பன்னி வர்ற எடம் தம்பி. இப்பிடி இருட்டுல உக்காரக் கூடாது. நல்லா பெரிய வெளக்கா ஒண்ணு ஏத்தி வெச்சிக்கங்க." மச்சான் இருமுவதுபோலச் சிரிப்பை மறைத்தான். மிச்ச டீயைக் கொடுத்தோம், நின்றபடியே குடித்தார். வடமேற்கே தாழ்வாகத் தெரிந்த மஞ்சள் மூட்டத்தைக் காட்டி, ஆலங்காயம் பக்கம் முன்னெல்லாம் இப்படி இருக்காது, இப்போது ராத்திரி முழுக்க விடிந்ததுபோல இருக்கிறது என்றார். படம் வந்தால் காட்டச் சொன்னார். டார்ச்சை அடித்துக்கொண்டே, இந்தத் தடவை படத்தின் இன்னொரு முனை வரைக்கும் நடந்து போனார். பன்னிரண்டாவது படம். மீதி நாலும் ஒழுங்காக எடுத்தோம். பதினைந்தாவதில் ஒரு மின்மினி இருப்பது பிறகுதான் தெரிந்தது. மச்சானின் போனை அணைக்கச் சொன்னோமே தவிர அவன் அணைத்தானா என்று யாரும் பார்க்கவில்லை. பதினாறாவதில் அவன் அம்மாவின் அழைப்பு வெளிச்சம், "சாப்டியாடா" என்று.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டபோது என்னை உறுத்தியது வேறு. தென்கிழக்கு ஓரத்தில், வெறும் கண்ணுக்கு எங்களுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில், ஓர் ஆரஞ்சு மேடு. மேப்பை வைத்துக் கோடு போட்டுப் பார்த்தால் திருவண்ணாமலை. நேர்கோட்டில் 45 கிலோமீட்டர் இருக்கும். பால்வீதி ஏறி வந்தபோது முதலில் அந்த ஊரின் தெருவிளக்குகளைக் கடந்துதான் வந்திருக்கிறது. நான் அதைக் கறுப்பாக்கிவிடலாம் என்றேன். சின்னவள் விடவில்லை. இருந்ததுதானே வந்திருக்கிறது என்றாள்.

சீக்வேட்டர் என்ற இலவச மென்பொருளில் நல்ல படங்களை அடுக்கினாள். மிகச் சுத்தமான படம், இரைச்சல் இல்லை, தூசி மேகங்களின் கிளைகள்கூடத் தெரிந்தன. எங்கேயோ பார்த்த படம்போலவே இருந்தது. நாங்கள் நாலு பேரும் வாட்ஸாப்பில் ஓட்டுப் போட்டு, பிரிண்ட் போடத் தேர்ந்தெடுத்தது அதை இல்லை. பதினோராவது படத்தை. மேலே பால்வீதி, கீழே பலாமரம், மரத்தின் அடியிலிருந்து எங்களை நோக்கி அலை அலையாக ஒரு தங்க நூல். பெரியவர் கை வீசி நடந்ததெல்லாம் அந்த நூலில் ஏறி இறங்குகிறது. நடுவில் ஓர் இடத்தில் முடிச்சு விழுந்திருக்கிறது. எங்களைப் பார்த்து நின்ற இடம்.

பிரிண்ட் இரண்டு போட்டோம். ஒன்று வாத்தியாரின் வகுப்பறைக்கு. இன்னொன்றை அந்தப் பையன் ஊருக்குப் போகும்போது பெரியவரிடம் கொடுக்கச் சொல்லி அனுப்பினோம். பையன் கொடுத்துவிட்டு அங்கிருந்தே போன் பண்ணினான். பெரியவர் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாராம். பலாமரம் யாருடையது என்று சரியாகச் சொன்னாராம். அந்தக் கோடு அவருடைய டார்ச்தான் என்று இவன் விளக்கியதும் இன்னொரு தடவை விரலை வைத்துக் கோட்டை முனை வரை தேடினாராம். பதினைந்து நொடியில் நடந்துகொண்டே இருந்த ஆள் எங்கேயும் பதியவில்லை, விளக்கு மட்டும்தான் பதிந்திருக்கிறது என்பதை அவன் எப்படிச் சொல்வான்?

"டார்ச்சு நல்லா வந்திருக்கு," என்றாராம். "அதப் புடிச்சிருந்த ஆளு எங்கடா?"